பாரமெரா நாட்டு நாயம்

ஏனுங்க, அந்தப் பக்கத்தை மடிச்சுப் போடாதீங்க, ஒரு நிமிசம் பார்த்துட்டுத் தந்துடறேன். கச்சா எண்ணெய்னு தலைப்புல போட்டிருக்குதுங்களே, அதுதான். இல்லீங்க, இந்த ஷேர் கீரெல்லாம் நம்மளுக்கு ஆகாது. பாரமெரா நாட்டுச் சேதி ஏதாச்சும் வந்திருக்குதான்னு பார்த்தேன். ஒண்ணையும் காணோம். இந்தப் பேப்பர்க்காரங்களே இப்பிடித்தான், வேண்டியதைப் போட மாட்டாங்க. இந்தாங்க, வெச்சுக்குங்க.

நீங்க ஈரோடுங்களா? நான் பெருந்துறைல எறங்கிக்குவேன். ஒரு ஆளைக் கூட்டியாரப் போறேனுங்க. திருமூர்த்தின்னு பேரு. எங்க நல்லமங்கை நகர்ல முன்னால தண்ணி விட்டுட்டு இருந்தவன். அவன் வந்தாத்தான் எங்க எண்பத்தி நாலு வீட்டுக்கும் தண்ணி. வர மாட்டேன்னு சொல்லிப்போட்டான்னா, கொடத்தைத் தூக்கிட்டு லாரிக்குப் பின்னால ஓடறதுதான் கதி. எம்புட்டுப் பெரிய பொறுப்பு பாருங்க. எங்க நகர் சங்கத்துல கூடிப் பேசி, இதுக்கு மகுடேசுவரன்தான் போகோணும், வேற யாரு போனாலும் ஆகாதுன்னு ஒரே முடிவாச் சொல்லிட்டாங்க. ஒம்பது வருசம் தலைவரா இருந்தவனாச்சுங்களே, அந்த மரியாதை.

பாரமெரா தெரியாதுங்களா உங்களுக்கு? அட என்னங்க. தென்னமெரிக்காவுல ஒரு மூலைல கெடக்குது. நம்ம தமிழ்நாட்டுல பாதிகூட இருக்காது. ஆனா பூமியைக் கீறினா எண்ணெய். அந்த நாட்டு அதிபர் வரேலான்னு ஒருத்தன். பதினாலு வருசமா உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கறான். அவனைப் பத்திக் கேளுங்க, ஈரோடு வரைக்கும் சொல்லுவேன். ஓ, நான் பெருந்துறைல எறங்கோணுமில்ல. சரி, பெருந்துறை வரைக்கும் சொல்றேன்.

நான் பஞ்சாலையில ஸ்டோர் கீப்பரா இருந்தவனுங்க. ரிட்டயர் ஆகி வந்து உக்காந்தா பொழுது போகலை. பேப்பர் படிச்சா உள்ளூர் அரசியலை நாலு பேர்கிட்டப் பேசத் தோணுது. பேசினா எவனாச்சும் சட்டையப் புடிக்கறான். அதனால வெளிநாட்டுப் பக்கத்தைப் புடிச்சுக்கிட்டேன். அங்க எவனைத் திட்டினாலும் நம்ம வீதிக்கு வந்து கேக்க மாட்டான். தெனமும் வெடிஞ்சதும் எங்க நகர் மோட்டார் ரூமுக்குப் போயிருவேன். திருமூர்த்தி அங்க வால்வைத் திருகிட்டு இருப்பான். பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அவன் உக்காந்துக்குவான், எனக்கு ஸ்டூலு. ரெண்டு பேரும் வரேலாவைப் பத்தி நாயம் பேசுவோம். அப்பெல்லாம் நான் வரேலா கட்சிங்க. அவனுக்கு வரேலா பேரைச் சொன்னாலே ஆகாது.

"திருமூர்த்தி, பார்த்தியா, வரேலா நாடு முச்சூடும் பெட்ரோலைச் சும்மா குடுக்கறானாமா. தலைவன்னா இவன் தலைவன்"ம்பேன்.

"அதெப்பிடிங்ணா சும்மா வரும்? பூமிக்குள்ள இருக்கறது எடுக்க எடுக்கக் கொறையுமில்லீங்களா"ம்பான்.

"அடப் போப்பா, அது கடலாட்டம் கெடக்குது."

"எண்ணெய்க் கெணறும் கெணறுதானுங்ணா. மூச்சு விடாம உறிஞ்சினா உள்ள இருக்கற அழுத்தம் போயிரும். அப்பறம் மேல வராது. நம்ம நகர் போர்க்குழி மாதிரிதான்."

பாருங்க, ஒரு நாட்டோட எண்ணெய் எங்க, எங்க போர்க்குழி எங்க. ஏழாவதோட நின்னவன். ஆனா பேசினான்னா மடக்கி மடக்கிப் பேசுவான். அவன்கூடப் பேசறதுக்குன்னே நான் சீக்கிரம் எந்திரிப்பேன். என்ற சம்சாரம் வசந்தாமணிகூடக் கேப்பா, "கல்யாணத்தன்னைக்கே இவ்வளவு வெரசா எந்திரிக்கலையே"ன்னு. குசும்பு புடிச்சவ.

அப்பத்தான் சங்கத் தேர்தல் வந்துச்சு. எங்க நகர்ல அப்போ காத்தால ரெண்டு மணி நேரம், பொழுதோட ரெண்டு மணி நேரம்னு தண்ணி விடுவாங்க. கார்ப்பரேசன் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா எட்டிப் பார்க்கும், அது குடிக்கறதுக்கு. மத்ததுக்கெல்லாம் இந்தப் போர்தான். எண்ணூறு அடி. நான் தேர்தல்ல ஒரே ஒரு வாக்குறுதிதானுங்க குடுத்தேன். இருவத்தி நாலு மணி நேரமும் தண்ணி. எப்பக் குழாயைத் திருப்பினாலும் தண்ணி. ஜெயிச்சேன் பாருங்க ஒரு ஜெயிப்பு! எதுத்து நின்னவர் வீட்டம்மாவே எனக்குத்தான் போட்டாங்கன்னு பேச்சு.

திருமூர்த்தி வந்து நின்னான். "அண்ணா, ஆகாதுங்ணா. ரெண்டு மணி நேரம் ஓட்டினா ரெண்டு மணி நேரம் நிறுத்தோணும். ஊத்துல தண்ணி ஊறோணுமில்லீங்களா"ன்னான். "சனம் கேக்குதப்பா, குடுக்கோணுமில்ல"ன்னேன். அவனுக்கு அதெல்லாம் புரியாது. தலைவனா இருந்து பார்த்தாத்தான் தெரியும். சனம் என்ன சந்தோசப்பட்டுதுங்கறீங்க! காரைக் கழுவறாங்க, வாசலைக் கழுவறாங்க, மொட்டை மாடியைக் கழுவறாங்க. பக்கத்து லேஅவுட்டுக்காரங்க வந்து கையெடுத்துக் கும்பிட்டாங்க, அவங்களுக்கும் ஒரு குழாய் இழுத்து விட்டேன். ஓவர்ஹெட் டேங்க்ல என்ற படத்தை வரைஞ்சாங்க. நான் வரையச் சொல்லலீங்க. போட்டோ மட்டுந்தான் குடுத்தேன்.

அந்த வருசந்தான் பாரமெராவுல பெரிய கலாட்டா. எண்ணெய்க் கம்பெனி இஞ்சினீருங்க, இப்பிடியே எடுத்துட்டுப் போனா கெணறெல்லாம் கெட்டுப் போகும்னு வேலைநிறுத்தம் பண்ணினாங்க. வரேலா பதினெட்டாயிரம் பேரை ஒரே நாள்ல வீட்டுக்குத் தாட்டிவிட்டான். கட்சிக்காரனையும் பட்டாளத்துக்காரனையும் கொண்டுபோயி அந்த எடத்துல உக்கார வெச்சுட்டான். நான் பேப்பரைப் படிச்சுட்டு, "சபாசு"ன்னேன். திருமூர்த்தி கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சான். அப்பறம் சொன்னான்.

"மேல நின்னு பேசறதுக்கு ஆயிரம் பேர் கெடைப்பாங்கணா. கீழ பூமிக்குள்ள என்ன நடக்குதுன்னு காதை வெச்சுக் கேக்கறதுக்கு ஒருத்தன்தான் கெடைப்பான்."

எனக்குச் சுருக்குன்னுச்சுங்க. வரேலாவைச் சொன்னா எனக்கெதுக்குச் சுருக்குங்கோணும்? தெரியலை. பேப்பரை மடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

அப்பறம் ஒரு நாள் கண்டுபுடிச்சேன். இந்தத் திருமூர்த்தி தெனமும் மத்தியானம் யாருக்கும் தெரியாம ரெண்டு மணி நேரம் மோட்டாரை நிறுத்தி வெச்சிருக்கான்! நோட்டுல "கரண்ட் இல்லை"ன்னு எழுதி வெச்சிருக்கான். எத்தனை வருசமா? நான் தலைவரானதுல இருந்து, அஞ்சு வருசமா! என்ற வாக்குறுதி என்னாச்சு? என்ற பேரு என்னாச்சு? பொதுக்குழுவைக் கூட்டினேன். "நம்ம சங்கத்துக்குள்ளயே சதி நடக்குது"ன்னு மைக்குல சொன்னேன். எண்பத்தி நாலு வீட்டுச் சனத்துக்கு முன்னால, அவனை எந்திரிச்சு நிக்கச் சொன்னேன். நின்னான். இன்னையோட உனக்கு வேலை இல்லைன்னேன். சாவியை மேசை மேல வெச்சான். "மத்தியானத்துல மட்டும் மறக்காம நிறுத்திப் போடுங்ணா"ன்னு சொல்லிட்டுப் போனான். கோவமாச் சொல்லியிருந்தாத் தேவலை. வழக்கமா வால்வு பத்திச் சொல்ற மாதிரிதான் சொன்னான்.

அவன் எடத்துக்கு என்ற மச்சினன் தேவராசைப் போட்டேன். நம்பிக்கையான ஆளுங்க. நான் சொன்னா மறு பேச்சுப் பேச மாட்டான். மோட்டார்னா என்னன்னு அவனுக்குத் தெரியாது, அது வேற. அப்பறம் நாலு வருசத்துல மோட்டார் மூணு தடவை எரிஞ்சுது. போர்ல தண்ணி கொறைஞ்சு மண்ணு வந்துச்சு. ரெண்டாவது போர் ஆயிரத்து நூறு அடி போட்டோம், பொகை வந்துச்சு, தண்ணி வரலை. கெட்ட நேரமுங்க. எந்தத் தலைவனா இருந்தாலும் அப்பிடித்தான் ஆயிருக்கும்.

ஆனா வரேலா விசயம் அப்பிடி இல்லைங்க. அது அவனாப் பண்ணிக்கிட்டது. அதே சமயத்துல பாரமெராவுல எண்ணெய் எறங்க ஆரம்பிச்சுது. தெனம் முப்பது லட்சம் பீப்பாய் எடுத்த நாடு, இருவது, பதினஞ்சு, ஒம்பதுன்னு வந்து நின்னுச்சு. எண்ணெய் நாட்டுல பெட்ரோலுக்கு வரிசை! சட்டத்தையே திருத்தி, ரெண்டு தடவைக்கு மேல அதிபரா இருக்கலாம்னு எழுதிக்கிட்டான். ஞாயித்துக்கெழமை ஆனா டிவில ஆறு மணி நேரம் பேசறான். நாட்டுல எண்ணெய் இல்லை, இவன் வாய் மட்டும் நிக்கலை. எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம்! நான் கட்சி மாறிட்டேன். மனுசன்னா தப்பை ஒத்துக்கோணுமுங்க. வரேலாவை நம்பினது என் தப்புன்னு வசந்தாமணிகிட்டச் சொன்னேன். "அப்பாடி, ஒண்ணையாச்சும் ஒத்துக்கிட்டீங்களே"ன்னா.

இந்தப் பொங்கலுக்குச் சங்க ஆண்டுவிழா. வருசா வருசம் பட்டிமன்றம் உண்டு. தலைப்புக் கேட்டேன். இந்த வருசம் தண்ணியைப் பத்தி வெக்கலாம்னு ரெண்டு மூணு பேரு சொன்னாங்க. நான் ஒத்துக்கலை. உள்ளூர் விசயம் பேசினா சண்டை வரும், யாராவது ஒருத்தர் மனசு புண்படும். நான் அமைதியா இருக்கறவன். அதனால நானே ஒரு தலைப்புச் சொன்னேன்: "பாரமெரா நாட்டு எண்ணெய் வளத்துக்கு அதிபர் வரேலா காவலரா, கேடா?" அந்த நாட்டுல நம்ம சனத்துக்கு ஒறம்பரை, சொந்தபந்தம்னு ஒருத்தர்கூட இல்லை. எந்த வீட்டுலயும் சண்டை வராது. எப்பிடி என்ற ரோசனை?

முதல்ல எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தாங்க. அப்பறம் கடைசி வரிசைல யாரோ சிரிச்சாங்க. அப்பறம் எல்லாருமே, "நல்ல தலைப்பு தலைவரே, நல்ல தலைப்பு"ன்னு ஒரே குஷி. நான் தெனமும் காத்தால டேங்க்ல கட்டின ஸ்பீக்கர்ல பேசறது உண்டு. சங்கச் சேதி, பொது அறிவு, ஒரு முக்காமணி நேரந்தான். அதுல ரெண்டு வாரமா வரேலா சரித்திரத்தையே சொன்னேன், சனம் தயாராகட்டும்னு. எதிரணிக்குத்தான் ஆள் கெடைக்கலை. வரேலாவை நியாயப்படுத்திப் பேசறதுக்கு யாரு வருவா? கடைசில ரெஜினா டீச்சர், "நான் பேசறேன் சார்"னாங்க. பூகோளம் எடுத்தவங்க, ரிட்டயர் ஆகி எங்க வீதிலதான் இருக்காங்க. பாவம், தோக்கறதுக்குன்னே ஒருத்தர் வேணுமேன்னு ஒத்துக்கிட்டேன்.

கொடுமுடிப் பக்கமிருந்து நடுவரைக் கூட்டியாந்தோம், புலவர் செல்லமுத்துன்னு. வெளியூர்க்காரர், எங்க நகரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நடுவர்னா அப்பிடித்தானே இருக்கோணும்? பந்தல் நெறைஞ்சு போச்சு. பத்து வருசமா வீட்டை விட்டு வராத கெழவங்கெல்லாம் நாற்காலி தூக்கியாந்து உக்காந்திருக்காங்க.

டீச்சர் மைக்கைப் புடிச்சாங்க. "நடுவர் அவர்களே! எங்கள் வரேலா யாருக்காகச் செய்தார்? மக்கள் கேட்டார்கள், கொடுத்தார். இதில் என்ன குற்றம்? கிணறு கெட்டுப் போகும் என்று சொன்னவர்கள் இஞ்சினீயர்களா? இல்லை, சதிகாரர்கள்! உள்ளே இருந்துகொண்டே சதி செய்தவர்கள்!"

பந்தல்ல ஒரு சிரிப்பு கெளம்பிச்சு பாருங்க, அடங்கறதுக்கு ரெண்டு நிமிசம் ஆச்சு. டீச்சர் சிரிக்கவே இல்லை. "வரேலா பக்கத்து நாட்டுக்கும் எண்ணெய் கொடுத்தாரே, அது பரந்த மனசில்லையா? எண்ணெய்க் கம்பெனியில் தன் சொந்தக்காரரை உட்கார வைத்தார் என்கிறீர்கள். நம்பிக்கையான ஆள் வேண்டாமா? அவருக்கு எண்ணெய் என்றால் என்னவென்று தெரியாது, அது வேறு விஷயம்!" மறுபடி சிரிப்பு. "அதிகம் பேசுகிறார் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே பேசுகிறார்? தினமும் விடிந்ததும் ஸ்பீக்கரைப் போடுகிறவர்கள் இந்த உலகத்தில் இல்லையா?"

நான்கூட ரோசனை பண்ணிப் பார்த்தேன், தெனமும் பேசற அதிபர் எந்த நாட்டுலடான்னு. ஞாபகத்துக்கு வரலை. டீச்சர் நல்லாத்தான் படிச்சிருக்காங்கன்னு நெனைச்சுக்கிட்டேன். ஆனா வாதம் எடுபடலீங்க. சனம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. வசந்தாமணி முந்தானையில கண்ணைத் தொடைச்சுக்கறா. வரேலாவுக்குப் பரிஞ்சு பேசினா சிரிக்காம என்ன பண்ணுவாங்க?

அப்பறம் நான் எந்திரிச்சேன். எப்பிடிப் பேசினேன்னு நானே சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். என்ற வாழ்க்கைல அப்பிடி நான் பேசினதில்லை. கொடுக்கறது பெருசில்லை, எவ்வளவு கொடுக்கறதுன்னு தெரியோணும்னேன். கை தட்டல். ரெண்டு தடவைக்கு மேல நாற்காலியை விட மாட்டேங்கறவன் நாற்காலிக்குத்தான் தலைவன், நாட்டுக்கில்லைன்னேன். விசில்! டேங்க்லயும் கோபுரத்துலயும் தன் படத்தை வரைஞ்சுக்கறவனுக்குக் கீழ இருக்கறது தெரியாதுன்னேன். சனம் எந்திரிச்சு நின்னு டேங்க்கைப் பார்த்துட்டு என்னையப் பார்த்துக் கை தட்டுது. "அப்பிடிப் போடுங்க தலைவரே!"ன்னு ஒருத்தர் துண்டைச் சுத்தறாரு. நடுவர் மணி அடிக்கறாரு, நான் விடலை. கடைசியா எடுத்து விட்டேன் பாருங்க:

"மேல நின்னு பேசறதுக்கு ஆயிரம் பேர் கெடைப்பாங்க. கீழ பூமிக்குள்ள என்ன நடக்குதுன்னு காதை வெச்சுக் கேக்கறதுக்கு ஒருத்தன்தான் கெடைப்பான். வரேலா, அந்த ஒருத்தனை நீ வெளிய தள்ளிப்போட்டயே!"

ஆமாங்க, அது திருமூர்த்தி சொன்னதுதான். மேடையில அதையெல்லாம் சொல்லிட்டு இருக்க முடியுங்களா? ஆனா அதுக்குக் கை தட்டல் வரலை. பொம்பளைங்க பக்கமிருந்து ஒரு குரல், "அப்ப அந்த மனுசனைத் திரும்பக் கூப்புடச் சொல்லுங்க"ன்னுச்சு. "எந்த மனுசனை?"ன்னேன். அப்பறம், "அந்த இஞ்சினீரைத்தானுங்க தலைவரே"ன்னாங்க. "கண்டிப்பாக் கூப்புடோணும்"னு மேசையத் தட்டிச் சொன்னேன். அதுக்கப்பறம் வந்துச்சு பாருங்க கை தட்டல், பந்தக்கால் ஆடிப்போச்சு.

நடுவர் நல்லாத் தீர்ப்புச் சொன்னாரு. "வரேலா கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுக்கத் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. அவர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். அதோடு, யாரை அவர் வெளியே அனுப்பினாரோ, அவர்களை அவரே நேரில் போய் அழைத்து வர வேண்டும். இதை ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்"னாரு. மொத்தப் பந்தலும் கை தூக்கிச்சு. தேவராசுகூடத் தூக்கினான். நான் ரெண்டு கையையும் தூக்கினேன். எங்கயோ இருக்கற ஒரு நாட்டுக்காக எங்க சனம் இப்பிடித் துடிக்குதேன்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை சங்கத் தேர்தல். நீங்க நம்ப மாட்டீங்க, ரெஜினா டீச்சர் ஜெயிச்சுட்டாங்க. எனக்கு மூணே ஓட்டு. ஒண்ணு என்னுது, இன்னொண்ணு தேவராசுது. மூணாவது வசந்தாமணிதுன்னு நெனைச்சுட்டு இருந்தேன். "இல்லைங்க, நான் டீச்சருக்குத்தான் போட்டேன்"ன்னுட்டா. அந்த மூணாவது ஓட்டு யாருதுன்னு இன்னும் தெரியலீங்க. நான் ரோசனை பண்ணிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய ஒலக விசயமெல்லாம் பேசற ஆளை வால்வு திருகற சோலில போட்டு வீணாக்கக் கூடாதுன்னு சனம் நெனைச்சிருக்கோணும். வேற காரணம் இருக்க முடியாது.

டீச்சர்கிட்டப் போயி வாழ்த்துச் சொன்னேன். அப்பிடியே, "டீச்சர், வரேலாவைப் பத்தி இவ்வளவு விசயம் எந்தப் பேப்பர்ல படிச்சீங்க?"ன்னு கேட்டேன்.

"பேப்பர்ல இல்லை சார். நம்ம சங்கத்து மினிட்ஸ் புக்ல படிச்சேன்"னாங்க.

மினிட்ஸ் புக்குல பாரமெரா எப்பிடீங்க வரும்? எழுதினதெல்லாம் நம்ம கூட்டத்துல பேசினதுதானே. டீச்சருக்கு வயசாயிடுச்சு, மறதின்னு விட்டுட்டேன். புதுக் கமிட்டி முதல் கூட்டத்துல, திருமூர்த்தியத் திரும்பக் கூப்புடறதுன்னு தீர்மானம். பெருந்துறைல ஒரு மில்லுல தண்ணி பார்க்கறானாமா. யாரு போறதுன்னு கேட்டப்போ, எல்லாரும் என்னையத்தான் பார்த்தாங்க.

நேத்து மத்தியானம் சும்மா உக்காந்திருந்தேன். குழாயில தண்ணி இல்லை. தலைவரா இல்லாததால ஸ்பீக்கர்லயும் பேச முடியாது. டீச்சர் அப்பிடிச் சொன்னாங்களேன்னு அந்த மினிட்ஸ் புக்கை வாங்கியாந்து பொரட்டினேன். நாலாம் வருசம், தை மாசம்: "ஒருவரே இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது என்ற விதி, மக்களின் விருப்பத்துக்கு எதிராக இருப்பதால் நீக்கப்படுகிறது." கீழ என்ற கையெழுத்து. அடுத்த பக்கம்: "தலைவர் பேசும்போது இடையில் கேள்வி கேட்பதில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது." அதுலயும் என்ற கையெழுத்து. அஞ்சாம் வருசம்: "சங்கத்துக்கு உள்ளே இருந்துகொண்டே சதி செய்த திருமூர்த்தி..."

முச்சூடும் படிச்சேனுங்க. டீச்சர் சொன்னது சரிதான். வரேலாங்கற பேரு மட்டுந்தான் அதுல இல்லை.

வசந்தாமணி காப்பி கொண்டாந்தா. "என்னங்க, பாரமெரா சேதியா?"ன்னு கேட்டா. நான் புக்கை மூடி வெச்சேன். அவ என் பக்கத்துல உக்காந்து, "நாளைக்கு அந்தக் கட்டம் போட்ட சட்டையப் போட்டுட்டுப் போங்க, திருமூர்த்திக்கு அது புடிக்கும்"னா. அவனுக்கு என்ன சட்டை புடிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. அத்தனை வருசம் தெனமும் எதுத்தாப்ல உக்காந்து நாயம் பேசியிருக்கேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்குது.

விசயமங்கலம் டோல்கேட் தாண்டிட்டமா? அடுத்தது பெருந்துறைதான். டீச்சர் போன்ல சொல்லி வெச்சிருக்காங்க. "அண்ணன் வர்றாருங்களா? வரட்டுங்க, நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடறேன்"னானாம். அவ்வளவுதான் சொன்னான். வேலைக்கு வர்றேன்னும் சொல்லலை, வர மாட்டேன்னும் சொல்லலை. "சார், அங்க போயிப் பேசாதீங்க, ரெண்டே வார்த்தை சொன்னாப் போதும்"னு டீச்சர் சொல்லித்தான் அனுப்பினாங்க. அந்த ரெண்டு வார்த்தையை அவிநாசில இருந்து வாய்க்குள்ளயே சொல்லிப் பார்க்கறேன். வர மாட்டேங்குது. பந்தல்ல ஒரு மணி நேரம் நிறுத்தாமப் பேசினவனுங்க நான். எண்பத்தி நாலு வீட்டுக்கு முன்னால அவனை எந்திரிச்சு நிக்க வெச்சேன். இப்ப அவனைத் தனியாப் பார்க்கறதுக்கே எனக்குப் பயமா இருக்குது.

அந்தா, அந்த வேப்பமரத்துக்கிட்ட நிக்கறான் பாருங்க, வெள்ளைச் சட்டை. எளைச்சுப் போயிட்டான். முடியெல்லாம் நரைச்சிருக்குது. பஸ்ஸையே பார்த்துட்டு நிக்கறானே. கொஞ்சம் அந்தப் பையை எடுத்துக் குடுங்க. வழி விடுங்க சாமி, எறங்கோணும்.

கேளுங்க, நான் இப்பிடி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். "திருமூர்த்தி, வரேலா விசயத்துல நீ சொன்னதுதான் சரி"ன்னு. அவன் லேசுல விட மாட்டான், அவனுக்கும் லொள்ளு ஜாஸ்தி. "எந்த வரேலாவைங்ணா சொல்றீங்க?"ன்னு கேப்பான்.

கேட்டான்னா, "ரெண்டு பேரையுந்தான்"னு சொல்லிப்போடறேனுங்க.